மாதம் 3 ஆயிரம் கூடக் கட்டினால் வீட்டுக் கடனில் 5 வருடம் மிச்சம்! காளவாசல் குடும்பங்களின் ஒண்ணாந்தேதிக் கணக்கு

மதுரை காளவாசல் சிக்னலில் சாயங்காலம் 6 மணிக்கு நின்று பார்க்க வேண்டும். தேனி ரோட்டில் இருந்து பஸ் வருகிறது. ஆரப்பாளையத்துக்கு பஸ் போகிறது. பைபாஸ் ரோட்டில் ஸ்கூட்டர்கள் பறக்கின்றன. மேலே பாலம், கீழே நெரிசல். அந்த நெரிசலிலும் மாதத்தின் முதல் ஐந்து நாளில் செல்போனை எடுத்து எடுத்துப் பார்க்கிறவர்கள் உண்டு. சம்பளம் ஏறியதா, தவணை பிடித்தாயிற்றா, மீதி என்ன என்ற கவலை அவர்களுக்கு.

இவர்கள்தான் வீட்டுக் கடன்காரர்கள்.

காளவாசல் என்ற சொல்லுக்கே சூளை என்று பொருள். செங்கல்லும் சுண்ணாம்பும் வேகிற இடம். இன்றைக்கு இங்கே வேகிறது செங்கல் அல்ல, மாதச் சம்பளம்.

சுற்றிலும் எஸ்.எஸ்.காலனி, பொன்மேனி, கோச்சடை, விராட்டிபத்து, நாகமலை புதுக்கோட்டை. வாடகை கொடுத்து மாளாது என்று பாங்கியில் கடன் வாங்கி வீடு கட்டியவர்களும், அடுக்குமாடியில் பிளாட் வாங்கியவர்களும் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். வீடு வந்துவிட்டது. நிம்மதி வந்ததா?

கணக்கு புரிவதற்காக ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்ளலாம். பெயர் வேண்டாம். எந்தத் தெருவில் கதவைத் தட்டினாலும் இப்படி ஒரு குடும்பம் இருக்கும். கணவருக்கு மோட்டார் உதிரிபாகக் கடையில் கணக்குப்பிள்ளை வேலை. மனைவி தனியார் பள்ளிக்கூடத்து டீச்சர். ஒரு பையன், ஒரு பெண். இரண்டு சம்பளமும் சேர்ந்து மாதம் ரூ.62 ஆயிரம். வீட்டுக் கடன் ரூ.25 லட்சம், 20 வருடக் கெடு, வட்டி எட்டரை சதவீதம். மாதத் தவணை ரூ.21,696.

பத்து வருடம் கட்டியும் பாக்கி 17½ லட்சம்!

இந்தத் தவணையில் முதல் மாதம் வட்டிக்குப் போவது ரூ.17,708. அசலில் கழிவது ரூ.3,988 மட்டும்.

அதாவது 22 ஆயிரம் கட்டியதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்காரர் தூங்குகிறார். பாங்கிக் கணக்கிலோ 4 ஆயிரம்தான் குறைந்திருக்கிறது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. பாக்கி இருக்கும் அசலுக்கு வட்டியை முதலில் எடுத்துக்கொண்டு மீதியை அசலில் கழிப்பதுதான் மாதத் தவணையின் முறை. பாக்கி பெரிதாக இருக்கும் ஆரம்ப வருடங்களில் வட்டியும் பெரிதாக இருக்கும். வருடம் போகப் போக வட்டி குறைந்து அசல் அதிகமாகக் கழியும்.

இப்படியே பத்து வருடம் கட்டினால் மொத்தம் 26 லட்சம் ரூபாய் கட்டி முடித்திருப்பார். வாங்கிய கடனை விட அதிகம். பாக்கி எவ்வளவு? 17 லட்சத்து 50 ஆயிரம்! பாதிக் கெடு போய்விட்டது, அசலில் மூன்றில் ஒரு பங்குகூடக் குறையவில்லை. 20 வருடமும் முடியும்போது கட்டிய மொத்தம் 52 லட்சத்து 7 ஆயிரம். அதில் 27 லட்சம் வட்டி. ஒரு வீட்டுக்கு இரண்டு வீட்டுப் பணம்.

அதே குடும்பம் முதல் மாதத்தில் இருந்தே தவணையோடு 3 ஆயிரம் கூடக் கட்டினால் என்ன ஆகும்? 240 மாதக் கடன் 179 மாதத்தில் முடிந்துவிடும். 5 வருடமும் 1 மாதமும் மிச்சம். வட்டியில் மிச்சம் சுமார் 7 லட்சத்து 90 ஆயிரம்.

மாதா மாதம் முடியாது என்கிறவர்கள் தீபாவளி போனசில் வருடத்துக்கு ஒரே ஒரு தவணை கூடுதலாகக் கட்டினாலும் போதும். 16 வருடம் 9 மாதத்தில் கடன் தீர்ந்துவிடும். 5 லட்சத்துக்கு மேல் மிச்சம்.

ஆனால் இதே 3 ஆயிரத்தை "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று பத்து வருடம் கழித்து ஆரம்பித்தால் மிச்சம் 21 மாதம்தான். பணத்தில் 1 லட்சத்து 65 ஆயிரம். ரூபாய் அதே ரூபாய்தான். ஆரம்பத்தில் கட்டுகிற ரூபாய்க்குத்தான் பலம் அதிகம்.

அந்த 3 ஆயிரம் எங்கே இருக்கிறது?

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மாசக் கடைசியில் பால்காரருக்குக் கொடுக்கவே சில்லறை தேடுகிற வீட்டில் 3 ஆயிரத்துக்கு எங்கே போவது?

மேலே சொன்ன குடும்பத்தின் நோட்டைப் பிரித்துப் பார்க்கலாம். தவணை 21,696. மளிகை 9,000. பால் 2,400. காய்கறி, ஞாயிற்றுக்கிழமைக் கறி, மீன் 5,000. பெட்ரோலும் பஸ்சும் 3,500. கரண்டு பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் மாதக் கணக்குக்கு 1,200. கேஸ் 950. போன், கேபிள் 1,000. மருந்து மாத்திரை 1,500. ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு 3,000. பள்ளிக்கூடப் பீசுக்கு மாதம் ஒதுக்க வேண்டியது 5,000. ஆக 54,246. மீதி 7,754 ரூபாய் இருக்க வேண்டும்.

இருக்க வேண்டும்தான். ஆனால் இருப்பதில்லை! காரணம் என்ன?

டீயும் வடையும் என்று சிலர் சொல்வார்கள். சினிமா என்பார்கள். அதெல்லாம் சின்ன ஓட்டை. பெரிய ஓட்டை, வருடத்துக்கு ஒருமுறை வருகிற செலவு. ஜூன் மாதம் பள்ளிக்கூடப் பீஸ். சித்திரைத் திருவிழாவுக்கு வெளியூர் உறவுக்காரர்கள். வைகாசியிலும் ஆவணியிலும் தையிலும் கல்யாணப் பத்திரிகைகள். காதுகுத்து, வீடு குடிபோவது, சடங்கு. மதுரைப் பக்கம் செய்முறை என்றால் சும்மா இல்லை. அவர்கள் நமக்கு எழுதிய மொய் நோட்டில் இருக்கும். அதற்குக் குறைந்து எழுத முடியாது. தாய்மாமன் என்றால் கேட்கவே வேண்டாம், சீர்த் தட்டோடு போக வேண்டும்.

இதில் எதுவும் திடீர்ச் செலவு அல்ல. பீஸ் ஜூனில் வரும் என்பது ஜனவரியிலேயே தெரியும். ஆனாலும் வந்த பிறகுதான் ஓட்டம். கைமாற்று, அடகு. அந்த வட்டி அடுத்த மாதச் சம்பளத்தில் கடிக்கும். இப்படித்தான் 7,754 ரூபாய் கண்ணுக்குத் தெரியாமல் கரைகிறது.

ஆகவே செய்முறைக்கும் பண்டிகைக்கும் மாதம் 2 ஆயிரம் என்று வருடத்துக்கு 24 ஆயிரத்தைத் தனிக் கணக்கில் போட்டுவிட வேண்டும். பீசுக்கான 5 ஆயிரமும் அப்படியே. சம்பளக் கணக்கில் கிடக்கும் பணம் சம்பளத்தோடு போய்விடும் என்பது எல்லா வீட்டிலும் கண்ட உண்மை. இது போக கையில் நிற்பது ரூ.5,754.

கணவன்-மனைவி தகராறு

இங்கேதான் வீட்டில் சண்டை ஆரம்பம்.

"5 ஆயிரத்து எழுநூறையும் அப்படியே லோன்ல போட்டுருவோம். சீக்கிரம் தலைவலி விட்டுரும்" என்பார் கணவர்.

"ஏங்க, நாளைக்கு ஆஸ்பத்திரின்னு ஒண்ணு வந்தா பாங்கிக்காரன் திருப்பித் தருவானா? எங்க மதினி போடுற நகைச் சீட்டுல சேர்ந்தாலும் பொம்பளப் பிள்ளைக்கு ஒரு பவுனாவது சேரும்" என்பார் மனைவி.

"கடனை வச்சுக்கிட்டு நகை எதுக்கு?"

"நகைதானே போன வருசம் உங்கம்மா ஆப்பரேசனுக்குக் கை கொடுத்துச்சு. மறந்துட்டீங்களா?"

கணவர் பதில் சொல்ல மாட்டார். சொல்ல என்ன இருக்கிறது?

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மனைவியின் கேள்விக்குத்தான் முதலில் விடை காண வேண்டும். சாதாரண வீட்டுக் கடனில் கூடுதலாகக் கட்டிய பணம் அசலில் கழிந்துவிடும். அவசரம் என்று மறுநாள் போய் நின்றால் திரும்பக் கிடைக்காது. கூடுதலாகக் கட்டி, தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளும் ஓவர்டிராப்ட் முறை வீட்டுக் கடனும் உண்டு. பாரத ஸ்டேட் பாங்கியின் மேக்ஸ்கெய்ன் அந்த வகை. ஆனால் பெரும்பாலானோரிடம் இருப்பது சாதாரணக் கடன்தான்.

இன்னொன்றும் உண்டு. "போன வருடமே 2 லட்சம் கூடுதலாகக் கட்டினேனே, இரண்டு மாதத் தவணையை அதில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று வேலை போன பிறகு கேட்டால் எல்லா இடத்திலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அடுத்த தவணை அடுத்த தேதியில் வந்தாக வேண்டும். தவணை 90 நாளுக்கு மேல் நின்றுபோனால் அது வாராக்கடன். அதன் பிறகு 2002-ஆம் வருடத்து சர்பாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் வரும். அதற்கும் கட்டாவிட்டால் பாங்கி கோர்ட்டுக்குப் போகாமலே வீட்டைக் கைப்பற்றி ஏலம் விடலாம். பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக வரும் ஏல அறிவிப்புகள் அவைதான். கூடுதலாகக் கட்டிய மனிதரின் வீடும் அதில் வரக்கூடும் என்பதை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

71 காசு வட்டி

மதுரையில் வட்டியைச் சதவீதத்தில் யாரும் பேசுவதில்லை. "ரெண்டு வட்டி", "மூணு வட்டி" என்பதுதான் பேச்சு. நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய் என்றால் ரெண்டு வட்டி. வருடத்துக்கு 24 சதவீதம். மூணு வட்டி என்றால் 36 சதவீதம்.

இந்தக் கணக்கில் வீட்டுக் கடன் எத்தனை வட்டி? எட்டரை சதவீதத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் 71 காசு! ஒரு ரூபாய் வட்டிகூட இல்லை. குடும்பத்துக்கு வெளியே கிடைக்கும் கடன்களில் இதை விடக் குறைந்த வட்டிக்குக் கிடைப்பது அபூர்வம்.

இதை மறந்துவிட்டுப் பலர் செய்யும் தவறு ஒன்று. கையில் இருந்த 2 லட்சத்தை வீட்டுக் கடனில் கட்டிவிடுகிறார்கள். அதனால் மாதம் மிச்சமாகும் வட்டி ரூ.1,417. மூன்றே மாதத்தில் ஒரு அவசரம் வருகிறது. நகையை 2 வட்டிக்கு வைத்து அதே 2 லட்சம் வாங்குகிறார்கள். அதற்கு மாத வட்டி ரூ.4,000. மாதா மாதம் ரூ.2,583 நட்டம். கடனை அடைத்த சந்தோஷத்தில் கடனை வளர்த்த கதை.

கந்து வட்டி, மீட்டர் வட்டிக்குப் போனவர்கள் நிலைமை இன்னும் மோசம். இவற்றைத் தடை செய்து 2003-லேயே தமிழக அரசு தனிச் சட்டம் கொண்டு வந்தது. சட்டம் இருக்கிறது. வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

எனவே வரிசை இப்படித்தான் இருக்க முடியும். ரெண்டு வட்டி, மூணு வட்டிக் கடன் இருந்தால் முதல் ரூபாய் அதற்கு. கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால் அதற்கு. அடுத்தது அவசரப் பணம். வீட்டுக் கடனுக்குக் கூடுதலாகக் கட்டுவது அதன் பிறகு.

அவசரப் பணம் சேர்க்கப் போனால் ஆரம்ப வருடத்தின் பலம் போய்விடாதா என்று கணவர் கேட்பார். நல்ல கேள்விதான். கணக்குப் போட்டுப் பார்த்தால் பயம் தெளியும். முதல் 11 மாதம் 5,754 ரூபாயையும் அப்படியே சேர்த்தால் ரூ.63 ஆயிரம் ஆகிறது. ஒரு மாத முழுக் குடும்பச் செலவும் தவணையும் அதில் அடங்கும். போதாதுதான், ஆனால் அடகுக் கடைப் படி ஏறாமல் இருக்க முதல் தடுப்பு. இரண்டாம் வருடத்தில் இருந்து 3 ஆயிரம் கடனுக்கும் மீதி 2,754 சேமிப்புக்கும் என்று பிரித்துக்கொண்டால், கடன் 15 வருடம் 4 மாதத்தில் முடியும். ஒரு வருடம் தள்ளி ஆரம்பித்ததற்கு விலை 5 மாதம். அப்போதும் 7 லட்சம் ரூபாய் மிச்சம் இருக்கிறது. அவசரப் பணத்தைப் போனசும் சேர்ந்து மூன்று மாதச் செலவு அளவுக்குக் கொண்டு வந்துவிட்டால், அதன் பிறகு வருகிற போனசைக் கடனுக்குத் திருப்பலாம்.

மனைவி கேட்கும் பெண் பிள்ளைக் கணக்கும் தள்ளக்கூடியது அல்ல. ஆனால் அதற்கு மதினியின் சீட்டு மட்டும்தான் வழியா? 10 வயதுக்கு உட்பட்ட பெண் குழந்தை பெயரில் தபால் ஆபீசில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம். 2015-இல் வந்த திட்டம் இது. வருடத்துக்கு ரூ.250 கட்டினாலே கணக்கு நிற்கும். ரூ.1½ லட்சம் வரை கட்டலாம். 2024 ஜனவரியில் இதன் வட்டி 8.2 சதவீதம் ஆனது. இந்த வட்டிக்கு வரியும் கிடையாது. எட்டரை சதவீதக் கடனை அடைப்பதும் 8.2 சதவீதத்தில் சேமிப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். கடன் வட்டி ஏழரைக்கு இறங்கினால் செல்வமகள் கணக்கில் போடுவதே லாபம். சேமிப்புக்குப் போகும் 2,754-இல் ஒரு பங்கு அங்கே போனால் தப்பில்லை. இதற்கு அரசு உத்தரவாதம் உண்டு.

சீட்டுதான் வேண்டும் என்றால் 1982-ஆம் வருடத்துச் சட்டப்படி பதிவு செய்த சீட்டா என்று பார்க்க வேண்டும். மதினி நல்லவர்தான். ஆனால் சீட்டு எடுத்துவிட்டு ஓடிப்போகிறவர் மதினியின் ஆளாக இருக்கமாட்டாரே! 1990-களில் அதிக வட்டி ஆசை காட்டிய பைனான்ஸ் கம்பெனிகள் வரிசையாகச் சாய்ந்தபோது தமிழகத்தில் கண்ணீர் விட்ட குடும்பங்கள் கொஞ்சமா? அதற்காகவே 1997-இல் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கப்புறமும் ஏமாந்தவர்கள் உண்டு.

சத்தம் இல்லாமல் நீண்ட கெடு

வீட்டுக் கடன்காரர்களை 2022-இல் ஒரு புயல் அடித்தது. பல பேருக்கு அது அடித்ததே தெரியாது.

ரிசர்வ் பாங்கியின் ரெப்போ வட்டி 2020 மே மாதத்தில் இருந்து 4 சதவீதமாக இருந்தது. 2022 மே மாதம் ஏற ஆரம்பித்து 2023 பிப்ரவரிக்குள் ஆறரை சதவீதம் ஆகிவிட்டது. 2019 அக்டோபர் முதல் பாங்கிகள் புதிதாகக் கொடுக்கும் மாறும் வட்டி வீட்டுக் கடன்களை வெளி அளவுகோல் ஒன்றோடு இணைத்திருக்க வேண்டும். பெரும்பாலும் அது ரெப்போதான். ஆகவே அங்கே ஏறியது இங்கேயும் ஏறியது.

6¾ சதவீத வட்டியில் 25 லட்சம் வாங்கியவரின் தவணை ரூ.19,009. ஒன்றரை வருடம் கட்டிய பின் பாக்கி 24 லட்சத்து 6 ஆயிரம். அந்த நேரம் வட்டி இரண்டரை சதவீதம் ஏறி 9¼ ஆனதாக வைத்துக்கொண்டால், மாத வட்டியே ரூ.18,551. அசலில் கழிவது 458 ரூபாய்! அதே தவணையைக் கட்டிக்கொண்டிருந்தால் கடன் முடிய இன்னும் 40 வருடம் ஆகும். பேரன் வந்து கட்ட வேண்டியதுதான்.

"தவணை ஏறலையே, பரவாயில்லை" என்று நிம்மதியாக இருந்தவர்கள் பலருக்கு ஏறியது கெடு. வட்டி ஏறியதும் தவணையை ஏற்றாமல் மாதங்களைக் கூட்டிவிடுவது பாங்கிகளின் வழக்கம். அதில்தான் இந்த ஆபத்து. இதற்காக 2023 ஆகஸ்டு 18-ஆம் தேதி ரிசர்வ் பாங்கி ஒரு உத்தரவு போட்டது. வட்டி மாறினால் கடன்காரருக்குத் தெரிவிக்க வேண்டும். தவணையை ஏற்றுவதா, கெடுவை நீட்டுவதா, இரண்டும் கொஞ்சமா என்று அவரைக் கேட்க வேண்டும். ஒரு பகுதியையோ முழுவதையுமோ எப்போது வேண்டுமானாலும் கட்ட வழி இருக்க வேண்டும். வசூலான அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, இன்னும் எத்தனை தவணை பாக்கி என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு கொடுக்க வேண்டும்.

இந்தக் கணக்குச் சீட்டை எத்தனை பேர் பிரித்துப் பார்க்கிறார்கள்? கல்யாணப் பத்திரிகையைப் பிரிக்கிற வேகம் அதில் இல்லை. பார்க்க வேண்டியது ஒரே ஒரு எண்தான். பாக்கித் தவணை எத்தனை? போன தடவை 214 என்று இருந்து இந்தத் தடவை 211 என்றால் சரி. 230 என்றால் அன்றே பாங்கிக்குப் போக வேண்டும்.

கொரோனா காலத்தில் 2020 மார்ச் முதல் ஆகஸ்டு வரை தவணையைத் தள்ளிவைக்கச் சலுகை வந்தது அல்லவா? வேலை இல்லாதவருக்கு அது உயிர் காத்தது. கையில் பணம் இருந்தும் "சும்மா கிடைக்குதே" என்று நிறுத்தியவர்கள் கதை வேறு. 25 லட்சம் கடனின் ஆரம்பத்தில் எட்டரை சதவீதத்தில் 6 மாதம் நிறுத்தினால் ஏறும் வட்டி 1 லட்சத்து 8 ஆயிரம். அதே தவணையில் கட்டினால் கூடும் மாதங்கள் 30. தள்ளிவைத்தது 6 தவணை, வந்து சேர்ந்தது 30 தவணை.

2025-இல் காற்று திசை மாறியது. பிப்ரவரியில் 6¼, ஏப்ரலில் 6, ஜூனில் 5½, டிசம்பரில் 5¼ என்று ரெப்போ இறங்கியது. கூடக் கட்டப் பணமே இல்லை என்கிறவர்களுக்கு இப்படி இறங்குகிற நேரம்தான் நல்ல சந்தர்ப்பம். எட்டரையில் இருந்து ஏழரைக்கு வட்டி இறங்கினால் 25 லட்சத்துக்கான தவணை 20,140 ஆகக் குறையும். குறைக்க வேண்டாம், பழைய 21,696-ஐயே கட்டுகிறேன் என்று சொன்னால் போதும். 20 வருடக் கடன் 17 வருடம் 1 மாதத்தில் தீரும். சுமார் 4 லட்சம் மிச்சம். சட்டைப் பையில் இருந்து புதிதாக ஒரு ரூபாய் எடுக்கவில்லை.

அபராதம் கேட்டால்?

"முன்னாடியே கட்டினா பெனால்டி போடுவாங்களாம்" என்ற பேச்சு இன்னும் டீக்கடைகளில் இருக்கிறது. பழைய காலத்துப் பேச்சு அது. மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைப்பதற்கு பாங்கிகள் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2012 ஜூன் 5-ஆம் தேதியே ரிசர்வ் பாங்கி சொல்லிவிட்டது. 2025 ஜூலையில் வந்த புதிய விதிகள், 2026 ஜனவரி 1 முதல் அனுமதிக்கப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் கடன்களுக்குப் பொருந்தும். தொழில் அல்லாத தேவைக்கு தனிநபர் வாங்கும் மாறும் வட்டிக் கடனுக்கு முன்கட்டணம் கிடையாது என்பது அதிலும் உறுதி. நிலையான வட்டிக் கடன் என்றால் மட்டும் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் நிலையான வட்டிக் கடன்காரர்கள் வருடத்துக்குப் பாக்கியில் பத்து சதவீதம் வரைதான் பெரும்பாலும் இலவசமாகக் கூடக் கட்டலாம், தாண்டினால் கட்டணம். அந்த வகையில் காளவாசல்காரர் கொடுத்து வைத்தவர்.

"வட்டி கட்டினாத்தான் வரிச் சலுகை. அடைச்சுட்டா போயிருமே" என்பார்கள் சிலர். பழைய வரி முறையில் சொந்தக் குடியிருப்பு வீட்டின் வட்டிக்கு வருடம் ரூ.2 லட்சம் வரை கழிவு உண்டு. புதிய முறையில் அந்தக் கழிவு இல்லை. ஆனால் 2025-26 முதல் புதிய முறையில் ரூ.12 லட்சம் வரை வருமானத்துக்கு வரியே இல்லை. மாதம் இரண்டு சம்பளமும் சேர்த்து 62 ஆயிரம் வாங்குகிற வீட்டில் வரியே கிடையாது. இல்லாத வரிக்குச் சலுகை தேடி 100 ரூபாய் வட்டி கட்டுவானேன்?

பாங்கிக்குப் போகும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். கூடுதல் பணத்தைக் கட்டிவிட்டு வந்தால் போதாது. "இதை அசலில் கழித்துக்கொள்ளவும். மாதத் தவணையைக் குறைக்க வேண்டாம், கெடுவைக் குறைக்கவும்" என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்க வேண்டும். சில இடங்களில் கூடுதல் பணத்தை அடுத்த மாதத் தவணைக்கு முன்பணமாக வைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் இவ்வளவு நேரம் போட்ட கணக்கு அத்தனையும் வீண். தவணையைக் குறைத்துக்கொண்டாலும் மிச்சம் வெகுவாகக் குறையும். அடுத்த மாதச் சீட்டில் அசல் இறங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

கடன் முழுவதும் தீர்ந்த பிறகும் ஒரு வேலை பாக்கி. அசல் பத்திரங்களை 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும், தாமதமானால் நாள் ஒன்றுக்கு ரூ.5 ஆயிரம் கடன்காரருக்குக் கொடுக்க வேண்டும் என்று 2023 செப்டம்பரில் ரிசர்வ் பாங்கி உத்தரவிட்டது. அந்த வருடம் டிசம்பர் 1 முதல் அது அமலில் இருக்கிறது. பத்திரம் கைக்கு வந்ததும் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள் பலர். கடன் வாங்கும்போது பத்திரத்தை ஒப்படைத்ததைச் சார்பதிவாளர் ஆபீசில் பதிவு செய்திருப்பார்கள் அல்லவா? கடன் தீர்ந்ததற்கான ரசீதையும் பாங்கி மூலம் அங்கே பதிவு செய்தால்தான் வில்லங்கச் சான்றில் அந்த அடமானத்துக்குக் கணக்கு முடியும். இல்லாவிட்டால் பத்து வருடம் கழித்துப் பிள்ளைகள் வீட்டை விற்கப் போகும்போது, தீர்ந்துபோன கடன் தாளில் உயிரோடு நிற்கும். அதற்காக மறுபடியும் பாங்கிக்கும் பதிவு ஆபீசுக்கும் அலைய வேண்டியிருக்கும்.